வேறு வழக்குக் கட்டில் கிடந்த இரண்டு வாக்கியங்கள்

என் ஆய்வேடு திருத்தத்துக்காகத் திரும்பி வந்த நாளில் எங்கள் நிலத்தில் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. கல்லூரிக்கு விடுப்பு போட்டிருந்தேன். வெட்டு ஆட்களுக்கு மோர் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தபோது கைப்பேசி ஒலித்தது. பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல். மோர்த் தூக்கை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே நின்று படித்தேன். வெளித் தேர்வாளர்கள் இருவரில் ஒருவர் ஏற்றுக்கொண்டிருந்தார். மற்றவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். அந்த வெயிலில் எனக்கு அதன் கடைசி வரிதான் கண்ணில் பட்டது. நான்காம் இயலின் முடிவு, அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களிலிருந்து வரவில்லை. அதைத் திருத்தாமல் பட்டத்துக்குப் பரிந்துரைக்க முடியாது.

என் ஆய்வேடே அந்த நான்காம் இயல்தான். மற்ற இயல்கள் அதைச் சுற்றிப் போட்ட வேலி.

"இன்னா, அங்கயே நின்னுட்ட?" என்று என் கணவர் கரும்புச் சோகைக்கு நடுவிலிருந்து குரல் கொடுத்தார்.

"திருத்தச் சொல்லி வந்திருக்குங்க."

"எத?"

"முக்கியமானத."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு சொம்பு மோர் குடித்து முடித்தார். பிறகு, "திருத்த முடியாத தப்பா?" என்று கேட்டார்.

"தெரியல."

"தெரியலன்னா இன்னும் பாக்கல. மொதல்ல போய் சாப்புடு."

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. பாகூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் புதுச்சேரியில் ஒரு கல்லூரிக்குப் போய் இயற்பியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி, பாகூரை ஒட்டிய செலியமேட்டுக்கு வந்தபோது எம்.எஸ்சி. முடித்திருந்தேன். முனைவர் பட்டம் என்ற ஆசையை எடுத்துச் சொல்லவே பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பகுதி நேர ஆய்வாளராகச் சேர்ந்தபோது, குவாண்டம் சோதனைகளுக்குப் பொருள் சொல்வதில் தர்க்கத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத் தலைப்பாக எடுத்தேன். உறவுக்காரர்கள் யாராவது கேட்டால், "ஒளியைப் பற்றி" என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

சோதனை எளிமையானதுதான். ஒளி, துகள் துகளாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துகள்கள் வரும் பாதையில் ஒரு கண்ணாடி இருக்கிறது. அது பாதி ஒளியை நேரே விடும், பாதியைத் திருப்பிவிடும். ஆக, துகளுக்கு மேல் வழி, கீழ் வழி என்று இரண்டு வழிகள். இரண்டும் சுற்றிக்கொண்டு போய் அதே மாதிரியான இன்னொரு கண்ணாடியில் சேர்கின்றன. அதற்கப்பால் இரண்டு கருவிகள். துகள் வந்து விழுந்தால் கருவி 'டிக்' என்று அடிக்கும். இரண்டு வழிகளையும் சரியாகப் பொருத்திவிட்டால், வருகிற துகள்கள் எல்லாம் முதல் கருவிக்கே போகும். இரண்டாவது அடிக்கவே அடிக்காது. இப்போது ஏதாவது ஒரு வழியை அடைத்துவிடுங்கள். அதுவரை ஊமையாக இருந்த இரண்டாவது கருவி அடிக்க ஆரம்பிக்கும். வழியை அடைத்ததால், எதுவும் வராத இடத்துக்குத் துகள் வருகிறது.

இதை வைத்து நான் எழுதியது இதுதான். துகள் மேல் வழியாகப் போயிருக்க வேண்டும், அல்லது கீழ் வழியாகப் போயிருக்க வேண்டும். மேல் வழியாகப் போனால், இரண்டாவது கருவி சில தடவையாவது அடிக்கும். கீழ் வழியாகப் போனாலும் அப்படியே. ஆக, எப்படிப் போனாலும் அது அடித்தாக வேண்டும். ஆனால் அடிக்கவில்லை. எனவே, 'இது அல்லது அது' என்று நாம் சிறு வயதிலிருந்து நம்பி வருகிற தர்க்கமே இயற்கையிடம் செல்லாது. அதை மாற்றியாக வேண்டும். அந்தக் கடைசி வரியை எழுதிய நாளில் எனக்கிருந்த பெருமிதத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வீட்டிலும் ஒரு சோதனைக் கூடம் வைத்திருந்தேன். உர மூட்டை போடும் பின்னறையில், சமையலறை மேடை கட்டியபோது மிஞ்சிய கிரானைட் பலகையை என் கணவர் டிராக்டர் டியூபின் மேல் ஏற்றிக் கொடுத்தார். தரையின் அதிர்வு பலகைக்கு வராமல் இருக்கத்தான் அந்த டியூப். அதன் மேல் லேசரும் நான்கு கண்ணாடிகளும். சரியாகப் பொருந்தினால் சுவரில் சிவப்புக் கோடும் இருட்டுக் கோடும் மாறி மாறி விழும். தெருவில் கரும்பு வண்டி போனால் கோடுகள் துடிக்கும். போர்வெல் ஓடினால் கலைந்தே போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்காக அவர் அரை மணி நேரம் மோட்டாரை நிறுத்தி வைப்பார். தண்ணீர் பாயும் நேரத்தில் மோட்டாரை நிறுத்துவது ஒரு விவசாயிக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. என் வீட்டு லேசரில் துகள்கள் கூட்டமாகப் போகும். ஒவ்வொன்றாகப் போவதைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில்தான் பார்த்தேன். ஆனால் நான் யோசித்ததெல்லாம் அந்தக் கிரானைட் பலகையின் முன்னால்தான்.

கரும்பு வெட்டு முடிந்த மறுநாள் என் நெறியாளரைக் கூப்பிட்டேன். "அவர் சொல்றதுல விஷயம் இருக்கும்மா. கோபம் ஆறின பிறகு படிங்க" என்றார். எனக்குக் கோபம் ஆறவில்லை. அறிக்கையைப் பல தடவை படித்தேன். படிக்கப் படிக்க, அந்தத் தேர்வாளர் என்னைப் புரிந்துகொள்ளவே இல்லை என்றுதான் தோன்றியது. போதும், விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். வீட்டில் சொல்லவில்லை.

சொன்னது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம்.

அவளும் என் வயதுதான், பாகூர்க்காரி. புதுச்சேரி நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தாள். சாட்சிகள் கூண்டில் நின்று சொல்வதை நீதிபதி சொல்லச் சொல்ல அடிப்பது அவள் வேலை. அவள் அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் நிலத்தில் கரும்பு வெட்டியவர்கள். வெட்டு முடிந்து வரும் அம்மாவின் கையைப் பார்த்துத்தான் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்ததாக ஒருமுறை சொன்னாள். பஸ்ஸில் நான் அம்புக்குறி போட்டுப் படம் வரைந்துகொண்டிருந்ததைப் பார்த்து, "இன்னா டீச்சர், வூட்டுக்கு பிளான் போடறீங்களா?" என்று கேட்டதில் தொடங்கிய பழக்கம். நாலைந்து வருடத்தில் 'டீச்சர்' போய் 'வாடி' ஆகிவிட்டது.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றாள்.

"ஆய்வேடு திரும்பி வந்துடுச்சிடி. நான் சொன்ன காரணத்துலேர்ந்து நான் சொன்ன முடிவு வரலையாம். வுட்டுடலாம்னு இருக்கேன்."

"இன்னா காரணம், இன்னா முடிவு? சொல்லு, கேக்கறேன்."

"உனக்குப் புரியாதுப்பா."

அவள் வருத்தப்படவில்லை. "கூண்டுல நின்னு பேசறவங்க பேச்சுல பாதி எனக்குப் புரியாது. டாக்டருங்க வந்து எலும்புப் பேரா அடுக்குவாங்க. புரியலன்னு வுட்டுடறனா? ஒன்னொன்னா சொல்லு."

ஒரு தாளை மடியில் வைத்து வழிகளை வரைந்து காட்டினேன். இரண்டு கருவிகளையும் சொன்னேன். அவள் தலையை ஆட்டாமல் கேட்டாள். மேல் வழிக்கு வந்தேன்.

"துகள் மேல் வழியாப் போனா, கீழ் வழி தொறந்திருந்தா இன்னா, மூடியிருந்தா இன்னா? அதுக்குக் கவலையில்ல. கீழ் வழிய மூடிட்டுப் பாத்தோம். ரெண்டாவது கருவி அடிக்குது. அதனால, மேல் வழியாப் போற துகள் அந்தக் கருவிய அடிக்கும்."

"இரு இரு." அவள் தாளின் மேல் விரலை வைத்தாள். "கீழ் வழிய மூடிட்டுப் பாத்தோம்னு சொன்னியே, அது எப்போ?"

"அது தனியாப் பண்றது."

"நீ தீர்ப்பு சொல்றது எதுக்கு?"

"ரெண்டும் தொறந்திருக்கறதுக்கு."

"அப்ப அது வேற கேஸ் கட்டுல இருக்கற சாட்சி. அதத் தூக்கிட்டு வந்து இந்தக் கட்டுல சேத்துப் படிக்கிற."

எனக்குச் சுருக்கென்றது. "இது கோர்ட்டு இல்லடி. இயற்கை. இன்னைக்கு ஒன்னு, நாளைக்கு ஒன்னு மாத்திச் சொல்லாது."

"பொய் சொல்லுச்சின்னு நான் சொன்னனா? உண்மையவே சொல்லியிருக்கட்டும். அந்தக் கேள்விய அங்க கேட்டாங்க, பதில் வந்துச்சி. இங்க யாரும் கேக்கலையே. கேக்காத கேள்விக்கு நான் ஒரு வரி அடிச்சேன்னு வையி, ஜட்ஜு என்ன வுடுவாரா?"

"உனக்கு டைப் அடிக்கத் தெரியும். அதோட வுடு" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன மாத்திரத்தில் தப்பு என்று தெரிந்தது. அவள் தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று மதியம் எனக்கு வகுப்பு இல்லை. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து நான்காம் இயலின் வாதத்தை வாக்கியம் வாக்கியமாகத் துண்டுத் தாள்களில் எழுதினேன். மொத்தம் பதினொரு துண்டு. ஒவ்வொன்றின் தலையிலும், அது எந்த அமைப்பில் கிடைத்த உண்மை என்று குறிக்கத் தொடங்கினேன். இரண்டு வழியும் திறந்தது. கீழ் வழி மூடியது. மேல் வழி மூடியது. ஒன்பது துண்டுகளுக்குக் கை தயங்கவில்லை. மேல் வழியாகப் போனால் இரண்டாவது கருவி அடிக்கும் என்பதற்கும், கீழ் வழியாகப் போனால் அடிக்கும் என்பதற்கும் பேனா நின்றது. இரண்டும் வழியை மூடியபோது கிடைத்தவை. இரண்டு வழியும் திறந்திருக்கும்போது அவை உண்மை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகக் கொண்டுவந்து வைத்திருந்தேன். முரண்பாடு இயற்கையில் இல்லை, என் மேசையில் இருந்தது.

பிறகு தேர்வாளரின் அறிக்கையை எடுத்துப் படித்தேன். முதல் பக்கத்திலேயே அதைத்தான் சொல்லியிருந்தார், கணிதக் குறிகளில். கூடவே இன்னொன்றும் இருந்தது: பழைய தர்க்கம் செல்லாது என்பதை நிறுவ, படிக்குப் படி அந்தப் பழைய தர்க்கத்தையே பயன்படுத்தியிருக்கிறேன். எத்தனையோ தடவை படித்தும் கண்ணில் படாத வரிகள். அறையில் வேறு யாரும் இல்லை. வாய்விட்டுச் சிரித்தேன், கண்ணில் தண்ணீரும் வந்தது.

மறுநாள் காலையில் ஒரு டப்பாவில் எங்கள் கரும்பைத் தோல் சீவித் துண்டு போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவள் வழக்கமான இருக்கையில் இருந்தாள். பக்கத்து இடத்தில் பை வைத்திருந்தாள்.

"பைய எடுடி. நீ சொன்னதுதான் சரி. ரெண்டு வாக்கியம் வேற கட்டுலேர்ந்து வந்திருக்கு."

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நேத்து பேசினது தப்பு. மன்னிச்சிடு."

"தப்புதான்" என்றாள். ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "எந்த ரெண்டு?" என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மோட்டார் நின்றதும் பின்னறையின் ஜன்னலைச் சாக்கால் மறைத்து லேசரைப் போட்டேன். சுவரில் கோடுகள் விழுந்தன. ஓர் இருட்டுக் கோட்டின் மேல் பென்சிலால் புள்ளி வைத்து, "இந்தப் புள்ளியையே பாரு. பாத்துக்கிட்டே ஒரு வழிய மூடு" என்றேன். அவள் தன் பஸ் பாஸை எடுத்து ஒரு கதிருக்குக் குறுக்கே நீட்டினாள். கோடுகள் மறைந்து சுவர் முழுவதும் மங்கலான சிவப்பு பரவியது. புள்ளியிருந்த இடத்தில் வெளிச்சம். பாஸை எடுத்தாள், இருட்டு. மறுபடி நீட்டினாள், வெளிச்சம். ஏழெட்டுத் தடவை செய்து பார்த்தாள். கதவருகே நின்றிருந்த என் கணவர், "நானும் மொத தடவ இப்படித்தாங்க பண்ணிக்கிட்டே இருந்தேன்" என்றார்.

"அப்ப ரெண்டும் தொறந்திருக்கறப்ப எந்தப் பக்கமாத்தான் போவுது?" என்று கேட்டாள்.

"அத இந்த அமைப்புல கேக்க முடியாது."

"கேக்க முடியாதா, பதில் தெரியாதா? ரெண்டும் ஒன்னில்லையே. சாட்சிக்குத் தெரியலன்னா 'தெரியாது'ன்னு அடிப்பேன். கேள்வியவே ஜட்ஜு தள்ளிட்டாருன்னா ஒன்னும் அடிக்க மாட்டேன்."

மோட்டாரைப் போடும் நேரமாகிவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் பல வாரங்கள் என்னோடு பஸ்ஸில் வந்தது.

புதிய நான்காம் இயல் அதிலிருந்துதான் பிறந்தது. 'தெரியாது' என்றால் பதில் எங்கோ இருக்கிறது, நமக்கு எட்டவில்லை என்று பொருள். துகள் ஒரு குறிப்பிட்ட வழியாகத்தான் போனது, நமக்குத்தான் தெரியவில்லை என்று சொன்னால், அது போகாத வழியில் வைத்த தடையும் அதன் போக்கை மாற்றுகிறது என்றும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்பவர்களும் உண்டு. முதல் வடிவில் அவர்களை ஓர் அடிக்குறிப்பில் தள்ளியிருந்தேன். இப்போது உரிய இடம் கொடுத்தேன். அதை ஏற்காவிட்டால், 'மேல் வழியாகப் போனது' என்ற வாக்கியத்துக்கு, கோடுகள் விழும் அந்த அமைப்பில் உண்மை என்றோ பொய் என்றோ இடமே இல்லை. தர்க்கத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எந்தெந்த வாக்கியங்களை ஒன்றாகச் சேர்க்கலாம் என்பதில் கண்டிப்பாக இருந்தால் போதும். முன்பு எழுதியதைப் போல ஆரவாரமான முடிவு இல்லை இது. ஆனால் சொன்ன காரணங்களிலிருந்து வந்தது.

எழுத நான்கு மாதம் பிடித்தது. மாலையில் நான் எழுத உட்கார்ந்தால் என் கணவர் அடுப்பைப் பார்த்துக்கொள்வார். அவருக்குத் தெரிந்தது ரசமும் முட்டைப் பொரியலும். நான்கு மாதமும் அதையே சாப்பிட்டோம்.

வாய்மொழித் தேர்வு அன்று என் தோழி அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கடைசி வரிசையில் என் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கம் எழுதிய அந்தத் தேர்வாளரே நேரில் வந்திருந்தார். ஓய்வு பெறும் வயதை ஒட்டிய, மெலிந்த மனிதர். மற்றவர்கள் கேட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு நான்காம் இயலைப் பிரித்தார். எந்த வழி என்ற கேள்விக்குப் பதில் தெரியாது என்கிறீர்களா, கேள்வியே கூடாது என்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பின்வரிசையைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சொன்னேன். அவர் விடவில்லை. எந்த வாக்கியங்களைச் சேர்த்துப் பேசலாம் என்பதைத் தீர்மானிப்பது யார், சோதனை செய்பவரா, இயற்கையா என்றார். கேள்வியைத் தேர்ந்தெடுப்பது நாம், பதில் இயற்கையுடையது, அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்றேன். 'தெரியாது' என்ற சொல்லை ஒரு மேடையில் நின்று பயமில்லாமல் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் குறிப்பேட்டை மூடினார். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள்.

கேன்டீனில் நாங்கள் மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவரே எங்கள் மேசைக்கு வந்தார். நாங்கள் எழுந்தோம். உட்காரச் சொல்லிவிட்டு, என் தோழியைப் பார்த்துத் தமிழில், "நீங்க எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டார்.

"கோர்ட்டுல டைப்பிஸ்ட்டு சார். நாலாம் இயல் மட்டும் தெரியும்."

அவருக்குப் புரியவில்லை. நான் பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். வேறு கட்டின் சாட்சி என்ற இடம் வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவளைப் பார்த்து, "இத ஒரு வரியில சொல்லிட்டீங்களே. எனக்கு ரெண்டு பக்கம் ஆச்சு" என்றார். அவள் கூச்சத்தில் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "என் மேல கோபமா இருந்திருப்பீங்க."

"இருந்தேன் சார்."

"இளம் வயசுல நானும் இதே தப்பைப் பண்ணினேம்மா. அச்சுலயே வந்துடுச்சு. அப்ப அதைத் திருப்பி அனுப்ப எனக்கு யாரும் இல்லை."

அவ்வளவுதான் சொன்னார். தனக்கும் ஒரு டீ சொல்லிக் குடித்துவிட்டு, ரயிலுக்கு நேரமாயிற்று என்று கிளம்பினார். அந்த இரண்டு பக்கங்களை இன்னும் வைத்திருக்கிறேன். என் எழுத்தை அவ்வளவு கவனமாக அதற்கு முன்னால் யாரும் படித்ததில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஒரே நெரிசல். மூன்று பேருக்கும் இடம் கிடைக்கவில்லை. பட்டுப்புடவை கசங்குகிறது என்று அவள் கண்டக்டரைத் திட்டிக்கொண்டே வந்தாள். தவளக்குப்பம் தாண்டியதும் ஓர் இருக்கை காலியானது. அதில் அவளைத்தான் உட்கார வைத்தோம்.